கியர் அவர் கையில், கிளட்ச் என் காலில்

எங்கள் வீட்டுக் காரை ஓட்ட இரண்டு பேர் வேண்டியிருந்தது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, பல வருடங்கள் அப்படித்தான் ஓட்டினோம். ஸ்டீரிங்கும் மூன்று பெடல்களும் என் பொறுப்பு. கியர் என் கணவருடைய பொறுப்பு. நான் வலது பக்கம், அவர் இடது பக்கம், நடுவில் அந்தக் கியர் கம்பி. வண்டி வேகமெடுத்து இன்ஜின் இரையத் தொடங்கியதும் அவர் "ம்" என்பார். நான் கிளட்சை மிதிப்பேன். அவர் கியரை மாற்றிவிட்டு இன்னொரு "ம்" போடுவார். நான் காலை எடுப்பேன். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வரைக்கும் இப்படி 'ம்' போட்டே போய் வந்திருக்கிறோம்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், நான் பழகிய டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மாஸ்டரின் பக்கத்திலும் ஒரு கிளட்சும் பிரேக்கும் இருந்தன. நான் எதை மறந்தாலும் அவர் கால் மறக்காது. அந்தப் புண்ணியத்தில் லைசென்ஸ் வந்தது. சொந்த வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் கோளாறு எனக்கே தெரிந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் குனிந்து கம்பியைப் பார்ப்பேன். நான் எந்தப் பக்கம் பார்க்கிறேனோ அந்தப் பக்கமே வண்டியும் போகும். துறைமுகச் சாலையோரம் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்து ஒருநாள் அப்படிப் போனபோது, என் கணவர் என் கையைத் தட்டிவிட்டுக் கியரைத் தானே பிடித்தார். "நீ ரோட்டப் பாரு, இத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அதோடு சரி. அந்தக் கையை அவர் எடுக்கவே இல்லை.

அவர் கப்பல்காரர், இன்ஜின் ரூமில் வேலை. கப்பலில் சுக்கான் பிடிப்பவர் மேலே நிற்பார், இன்ஜினைப் பார்ப்பவர் கீழே இருப்பார், இரண்டு பேரும் முகம் பார்க்காமலே கப்பல் துறைமுகத்துக்குள் வந்து சேரும். அதனால் இந்த ஏற்பாட்டில் அவருக்கு ஒரு விசித்திரமும் தெரியவில்லை. எனக்கும் பாதி வேலை மிச்சம். எதிர்வீட்டு அம்மா மட்டும், "இந்த வயசுலயும் கையப் புடிச்சிக்கிட்டுல்லா வண்டி ஓட்டுதாவ" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நாங்கள் போய் விளக்கம் கொடுக்கவில்லை. கெட்ட பெயரா அது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் வருடத்தில் எட்டு மாதம் கியர் கப்பலுக்குப் போய்விடும். அவர் ஏறிப் போன அன்றைக்கு வண்டிக்கு உறை போட்டு மூடுவோம். அடுத்து அவர் வந்துதான் திறக்க வேண்டும். அதுவரை நான் ஸ்டீரிங் பிடிக்கத் தெரிந்த ஒரு பாதசாரி. பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை, அது நடை தூரம். பிள்ளைகள் வெளியூரில் தங்கிப் படிக்கிறார்கள். மார்க்கெட்டுக்கு ஆட்டோ உண்டு. எனக்குப் பிரச்சினை கீழவைப்பாரில் இருந்தது. அங்கே என் அக்கா தனியாக இருக்கிறாள். அத்தான் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. சர்க்கரை, மூட்டுவலி, மாதம் ஒருமுறை தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். ஊரிலிருந்து மெயின் ரோடு பிரியும் விலக்குக்கு வந்து, நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி வரும் பஸ்களுக்கு வெயிலில் நின்று கை காட்டுவாள். தங்கச்சி வீட்டில் கார் உறை போட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும். கூப்பிட்ட நேரத்துக்கு வர ஆக்டிங் டிரைவரும் கிடைப்பதில்லை. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் பாதிப் பேர் வளைகுடா நாடுகளில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கியரை நானே பழகியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பழகப் போய்த்தான் மானம் போனது. ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த அக்காவை நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று ஒரு சனிக்கிழமை வீறாப்பாக உறையைக் கழற்றினேன். முதல் கியரில் தெருவைத் தாண்டியாயிற்று. இன்ஜின் இரைந்தது. கிளட்சை மிதித்தேன். மிதித்துவிட்டு, பழக்கதோஷம், காத்திருந்தேன். "ம்" வரவில்லை. பக்கத்தில் அக்கா மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வண்டி தளர்ந்து நிற்கப் போகிறது, பின்னால் மீன் ஐஸ் ஏற்றிய வண்டி ஹாரன் அடிக்கிறது. அக்காவிடம் அந்தக் கம்பியைக் கீழே இழுக்கச் சொன்னேன். அவள் பையைக் காலடியில் வைத்தாள், நெற்றியில் சிலுவை போட்டாள், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து இழுத்தாள். அது எந்தக் கியருக்குப் போனதோ தெரியாது, வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துவிட்டது. ஐஸ் வண்டிக்காரர்கள் இறங்கித் தள்ளி ஓரங்கட்டிக் கொடுத்தார்கள். அக்கா பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். போகும்போது திரும்பி, "ஏளா, நீ வண்டி ஓட்டணும்னா நானும்லா லைசென்ஸ் எடுக்கணும் போலுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கியர் போட ஆள் இல்லாவிட்டால் என்ன, கியரே போட வேண்டாத வண்டி இருக்கிறது. பழைய வண்டியைக் கொடுத்து, என் சேமிப்பையும் போட்டு, ஒரு ஆட்டோமேட்டிக் வாங்கினேன். வாங்கிய பிறகு அவருக்கு வீடியோ காலில் காட்டினேன். கப்பல் எந்தக் கடலில் இருந்ததோ, சிக்னல் விட்டு விட்டு வந்தது. வண்டியைச் சுற்றிக் காட்டிவிட்டு உள்ளே போனைக் கொண்டுபோனேன். அவர் முகம் திரையில் அப்படியே உறைந்து நின்றது. சிக்னல் போனதால் உறைந்ததா, கியரைப் பார்த்து உறைந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்ப அசைந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "பழைய வண்டி எங்க?"

விடுமுறைக்கு வந்து இறங்கியதும் வாதங்கள் ஆரம்பித்தன. பெட்ரோல் குடிக்கும் என்றார். உப்புக் காற்றில் இதன் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு வருடம் தாங்காது என்றார். மேட்டில் ஏறும்போது கியரைக் குறைக்க முடியாமல் தவிப்போம் என்றார். எங்கள் ஊரில் மேடு என்று சொல்ல ரயில்வே மேம்பாலத்தை விட்டால் வேறு எதுவும் கிடையாது. அதைச் சொன்னேன். நாளைக்கே கொடைக்கானல் போனால் என்ன செய்வாய் என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து கொடைக்கானல் போகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இந்த வண்டி வந்த பிறகுதான் அவர் வாயில் அந்தப் பெயர் வந்தது.

கடைசியில் அவர் வைத்த வாதம், மனிதன் கை படாத இயந்திரத்தை நம்பக் கூடாது என்பது. அங்கேதான் மாட்டினார். அவர் வேலை செய்யும் கப்பலில் நடுக்கடலில் இரவு நேரம் இன்ஜின் ரூமில் ஒரு ஆள் கிடையாது. எல்லாம் தானாக ஓடும். கோளாறு வந்தால் இவர் அறையில் அலாரம் அடிக்கும். மூன்று மாடி உயர இன்ஜினை அதன்பாட்டுக்கு ஓடவிட்டுவிட்டுக் குறட்டை விடுகிற மனுஷனுக்கு, நம் வீட்டு வாசலில் நிற்கும் சின்ன வண்டியை நம்ப முடியவில்லையாம். இதை நான் கேட்டபோது அவர் பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அவர் வந்த பிறகுதான் மந்திரிக்க வேண்டும் என்று வண்டியை அதுவரை மாதா கோயிலுக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தேன். குடும்பத் தலைவர் இல்லாமல் எங்கள் பக்கம் புது வண்டியை மந்திரிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தலைவர் என்பதால் ஸ்டீரிங்கை அவரிடம் கொடுத்தேன்; கல்யாணத்துக்கு முன்பு கியர் வண்டி ஓட்டிப் பழகியவர்தான். சாமியார் தீர்த்தச் செம்போடு முன்னால் நிற்கிறார். இவர் வண்டியை நகர்த்தினார். நகர்ந்ததும் இடது கால் கிளட்சைத் தேடிப் போனது. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் அகலமான பிரேக் இருந்தது. ஓங்கி மிதித்தார். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை பறந்து போய் முன்கண்ணாடியில் அடித்தது, பின்னால் இருந்த எனக்கு நெற்றியில் இடி. பதறிப்போய் இரண்டு காலையும் தூக்கிவிட்டார். காலை எடுத்தால் இந்த வண்டி தானாக ஊர்ந்து போகும், அது அவருக்குத் தெரியாது. வண்டி மெல்ல முன்னேற, சாமியார் தெளித்துக்கொண்டே பின்னால் போனார். படிக்கட்டில் முட்டிய பிறகுதான் அவர் நின்றார், இவரும் பிரேக்கைக் கண்டுபிடித்தார். "வண்டிய மட்டும் மந்திரிச்சாப் போதுமா, டிரைவரையும் சேத்து மந்திரிக்கணுமா?" என்று சாமியார் கேட்டார். சுற்றி நின்ற சனம் சிரித்தது. என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அறிவித்துவிட்டார். தான் கப்பல் ஏறுவதற்குள் இதைக் கொடுத்துவிட்டுக் கியர் வண்டி எடுக்கப் போவதாகவும், நல்ல வண்டியாகத் தானே பார்த்து வாங்குவதாகவும் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை, புரோக்கர் ஒருவருக்கும் போன் போட்டார். புரோக்கர் வந்து பார்த்து, அடுத்த திங்கட்கிழமை வாங்குகிற ஆளோடு வருகிறேன் என்று போனார். இந்த வண்டி போனால், இவர் கப்பலேறிய மறுநாள் அடுத்த வண்டிக்கும் உறை போட்டு மூட வேண்டியதுதான். அக்கா மறுபடியும் விலக்கில் நிற்க வேண்டியதுதான். நான் சண்டை போட்டேன், சமைக்காமல் இருந்து பார்த்தேன், நன்றாகச் சமைத்தும் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் அக்கா வீட்டில் சாப்பாடு. சாளை மீன் குழம்பு வைத்துக் காத்திருப்பதாக அக்கா சொல்லியிருந்தாள். நான்தான் ஓட்டினேன். அவர் இடது பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரைத் தாண்டியதும் கிழக்குக் கடற்கரைச் சாலை, இரண்டு பக்கமும் உப்பளம். வண்டி அருமையாகப் போனது. அவருடைய வலது கை மட்டும் ஒரு நிலையில் இல்லை. மடியில் வைப்பார், கியர் கம்பிப் பக்கம் போகும், தட்டுப்பட்டதும் சூடு பட்ட மாதிரி எடுத்துக்கொள்வார். எனக்குச் சிரிப்பாக வந்தது. சிரித்தால் இன்னும் கெட்டுப்போகும் என்று அடக்கிக்கொண்டேன்.

முன்னால் உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஆடி அசைந்து போனது. எதிரே சாலை காலியாகத் தெரிந்ததால் வலது பக்கம் ஏறி ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். இன்ஜின் இரைந்தது. அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்ததுதான் தாமதம், "ம்" என்றார். என்றபடியே கியர் கம்பியை மூன்றாவது கியருக்குத் தள்ளுவதுபோல முன்னால் தள்ளிவிட்டார். பழைய வண்டியில் லாரியைத் தாண்ட அப்படித்தான் நாங்கள் செய்வோம். இந்த வண்டியில் முன்னால் தள்ளினால் நியூட்ரல். இன்ஜின் அலறியது, வண்டிக்கு இழுவையே இல்லை. லாரிக்குப் பக்கத்தில் பாதி ஏறிய நிலையில் நிற்கிறோம், எதிரே தூரத்தில் ஒரு பஸ் முளைத்துவிட்டது. என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. பிரேக்கை மிதித்தேன், லாரி முன்னால் போனது, அதன் பின்னால் ஒதுங்கினேன். பஸ் கடந்து போனது. டிரைவர் ஜன்னல் வழியாக என்னைத் திட்டிக்கொண்டே போனார். எந்த வார்த்தை என்று கேட்கவில்லை, உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

வந்த வேகத்திலேயே சாலையை விட்டு இறக்கி ஒரு உடைமரத்தடியில் நிறுத்தினேன். கியர் கம்பியைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் லேஞ்சியை எடுத்து முகத்தையும் கழுத்தையும் துடைத்தார். கை தானாகப் போய்விட்டது என்றார். பிறகு உப்பளத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"எனக்கு இந்த வண்டில வேல இல்லளா. வீட்ல கேஸு, கரண்டு, தண்ணி மோட்டாரு, பிள்ளைய படிப்பு, எல்லாம் நீயே பாத்துக்கிட்ட. நான் வந்தா டீத்தூள் டப்பா எங்க இருக்குன்னு ஒங்கிட்டத்தான் கேக்கேன். இது ஒண்ணுதான் நான் வந்தாத்தான் ஓடும்னு இருந்துச்சு. அதையும் ஆட்டோமேட்டிக் ஆக்கிட்ட."

அவரை நான் எத்தனையோ கேலி செய்திருக்கிறேன். டீத்தூள் டப்பா விஷயத்தையும் அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒவ்வொரு விடுமுறையிலும் முதல் வாரம் அவர் விருந்தாளி மாதிரி வீட்டுக்குள் சுற்றி வருவார். எந்த சுவிட்சு எந்த விளக்குக்கு என்று போட்டுப் போட்டுப் பார்ப்பார். மனுஷனுக்கு மறதி என்று நினைத்திருந்தேனே தவிர, அவருக்கு அது வலிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு அந்த மரத்தடியில் எனக்கு மனசு கனத்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை.

"நீங்க வந்தாத்தான் ஓடும்னா, நீங்க இல்லாத எட்டு மாசம் நான் எங்க போக? அக்கா விலக்குல நிக்கா. நான் வீட்ல காருக்கு உறை போட்டுட்டு உக்காந்திருக்கேன்."

தான் இதை யோசிக்கவே இல்லை என்று அவர் சொன்னார். அவர் சொன்னதை நானும் யோசிக்கவில்லை என்று சொன்னேன். இரண்டு பேரும் யோசிக்காமலே இத்தனை வருடம் ஒரு வண்டியை ஓட்டியிருக்கிறோம். கியரைத் திரும்ப டி-யில் போட்டேன். அவர் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். கீழவைப்பார் வரை அப்படியே வந்தார்.

அக்கா வீட்டில் குழம்பு நன்றாக இருந்தது. இவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். நடந்ததை அக்காவிடம் சொல்லக் கூடாது என்று கண்ணால் எனக்கு ஜாடை காட்டிவிட்டு, அவரே சொன்னார். சொல்லும்போது பஸ்ஸை இன்னும் கொஞ்சம் தூரத்தில் நிறுத்திக்கொண்டார். அக்கா கேட்டுவிட்டு, தம்பி பரவாயில்லை, நான் இழுத்ததில் வண்டி அணைந்தே போய்விட்டது என்று ஆறுதல் சொன்னாள். கிளம்பும்போது அவளுடைய ஆஸ்பத்திரித் தேதியை அவர் கேட்டார். எதற்கு என்று அக்கா கேட்டாள். சும்மா கேட்டேன் மதினி என்றார்.

மறுநாள் புரோக்கர் ஆளோடு வந்தார். நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவதுபோல நின்று காது கொடுத்தேன். என் கணவர் அவர்களுக்கு டீ கொடுக்கச் சொன்னார், வானிலை பேசினார், துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களைப் பற்றிப் பேசினார். புரோக்கர் சாவியைக் கேட்டதும், "இல்ல அண்ணாச்சி, குடுக்கதா இல்ல" என்றார். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "வீட்ல உள்ளவளுக்குக் கியர் வராது பாத்துக்கிடுங்க. அவளுக்காகத்தான் வச்சிருக்கேன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். கோயில் வாசலில் இடது காலை ஓங்கி மிதித்தவர் பேசுகிற பேச்சு. வெளியே வந்து இரண்டு கேள்வி கேட்கலாம் என்று நாக்கு துறுதுறுத்தது. வண்டி நின்றால் போதும் என்று டீயை மட்டும் கொண்டுபோய் வைத்தேன்.

மிச்ச விடுமுறையில் அவர் இடது பக்கத்திலேயே உட்கார்ந்தார். வளைவில், லாரியைத் தாண்டும்போது, எதற்கும் ஒரு "ம்" போட்டுக்கொள்வார். அதற்கு வண்டியில் ஒரு மாற்றமும் நடக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கப்பல் ஏறும் நாள் வந்தது. வழக்கமாக ஆக்டிங் டிரைவர் ஒருவரைத் தேடிப் பிடித்து விமான நிலையத்துக்குப் போவோம், திரும்பி வரும்போது அந்த டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து வீட்டில் நிறுத்துவார். இந்த முறை நானே கொண்டுபோய் விட்டேன். இறங்கியதும் அவர் ஜன்னல் பக்கம் குனிந்து, லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதே, லைட் போட்டுக்கொள், யாராவது முந்தினால் முந்தட்டும் என்று வரிசையாகச் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். எப்போதும் நான்தான் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அன்றைக்குப் பின்னால் வந்த டாக்சி ஹாரன் அடித்ததால் நான்தான் முதலில் கிளம்ப வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. புறவழிச் சாலையில் திரும்பி வடக்கே விட்டேன். மறுநாள் அக்காவுக்கு ஆஸ்பத்திரி, கையோடு கூட்டி வந்துவிடலாம் என்று நினைத்தேன். வழியில் டீ குடித்தேன், கடை கடையாக ஏறி அக்காவுக்குப் பழமும் வீட்டுச் சாமானும் வாங்கினேன், அதிலேயே இரண்டு மணி நேரம் போய்விட்டது. உப்பளத்துப் பக்கம் போகும்போது போன் அடித்தது. ஓட்டும்போது எடுப்பதில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. விலக்கு வந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்தேன், அவர்தான். சென்னையில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தார்.

"ஏளா, ரெண்டு தடவ அடிச்சேன், எடுக்கல. வீடு போய்ச் சேந்துட்டியா?"

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னுடையது. அவர் சிங்கப்பூர் போனாலும் ரோட்டர்டாம் போனாலும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போய்ச் சேந்துட்டீங்களா, ஏன் எடுக்கல என்று கேட்டுக்கொண்டே இருந்தவள் நான். அந்தக் கேள்விக்குள் இருக்கும் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். அவர் குரலில் அது ஒலித்து அதுவரை நான் கேட்டதே இல்லை.

இன்னும் சேரவில்லை, அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறேன், வீட்டுக்குப் போனதும் சொல்கிறேன் என்றேன். அந்தப் பக்கம் அறிவிப்புச் சத்தம் கேட்டது. அவருடைய விமானத்துக்கு ஏறச் சொல்கிறார்களோ என்று கேட்டேன். அது வேறு விமானம் என்றார்.

"மெதுவாப் போ. நான் போனக் கையிலயே வச்சிருக்கேன்."